எம்ஜிபி வாங்கும் முன்: எஞ்சின் சத்தத்தை விட்டுவிட்டுக் கதவடியைப் பாருங்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு எம்ஜிபி நல்ல தேர்வு. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. வாஷர் முதல் கண்ணாடி ரப்பர் வரை எதுவும் இன்றும் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டு முழு பாடியையே செய்து விற்கிறது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. "எல்லாப் பார்ட்ஸும் கிடைக்கும், எதையும் சரிசெய்துவிடலாம்" என்ற தைரியத்தில் பளபளப்பான பெயின்டையும் சீராக ஓடும் எஞ்சினையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். எஞ்சின் வேலைக்கு ஒரு எல்லை உண்டு. கழற்றினால் என்ன தேய்ந்திருக்கிறது என்று அளந்து, செலவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். துருவுக்கு அந்த எல்லை இல்லை. ஒரு தகட்டை வெட்டினால் அதன் பின்னால் இருப்பதும் போயிருக்கும். வெட்டி முடிக்கும்வரை கணக்கு தெரியாது.

இந்த வண்டிக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். அதிலும் திறந்த மாடலுக்குக் கூரையும் இல்லாததால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிணைத்து நிறுத்துவது நடுவே ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும், கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்களும்தான். பட்டறைகளில் சில் என்பார்கள். இங்கே கதவடிச் சட்டம் என்றே சொல்வோம். அது ஒற்றைத் தகடு அல்ல: உள்தகடு, வெளித்தகடு, இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் தடுப்புத்தகடு, அடியில் தரையோடு சேர்க்கும் இன்னொரு நீளத்தகடு. முன்சக்கரம் வீசும் சேறும், குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும் மட்கார்டுக்குள் போய்த் தங்கி, ஈரத்தோடு இந்தச் சட்டத்தின் முன்முனையில் இறங்குகின்றன. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே குமிழ் தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ முடிந்துவிட்டது.

வெளித்தகடு முன் மட்கார்டின் கீழ்ப்பகுதிக்கும் பின் மட்கார்டின் கீழ்ப்பகுதிக்கும் பின்னால் மறைந்து நீள்கிறது. எனவே ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும். இந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான் பழைய துருத்தகட்டின் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி வெல்டிங் வைத்து, பட்டி பூசி, அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்துவிடுகிறார்கள். பார்க்கப் புதிது போல இருக்கும், பலம் இருக்காது. இரண்டு தகடுகளுக்கும் இடையே மாட்டிய ஈரம் இன்னும் வேகமாகத் தின்னும்.

நேரில் பார்க்கப் போகும்போது டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், தரையில் படுக்க ஒரு பாய் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. கதவடிச் சட்டத்தின் கீழ் விளிம்பைப் படுத்துப் பாருங்கள். தொழிற்சாலை வேலையில் புள்ளிப் புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் இருக்கும். நீளமாக வழித்த வெல்டிங்கோ, கூடுதலாக ஒரு தகடு அடுக்கோ தெரிந்தால் போர்த்திய வேலைதான்.

அடுத்தது கதவு. வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கதவடியில் உள்ள ஜாக்கி முனையில் தூக்கச் சொல்லுங்கள். மேல் பின்மூலையில் இடைவெளி மாறினாலோ, கதவு சிக்கினாலோ வண்டி நடுவில் மடிகிறது என்று பொருள். ஜாக்கி வைக்கவே விற்பவர் தயங்கினால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம். "சில் மாற்றியாச்சு" என்று சொன்னால் மட்கார்டைக் கழற்றியபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். நல்ல வேலை செய்தவர் படம் எடுக்காமல் இருந்திருக்க மாட்டார்.

மற்ற இடங்களும் உண்டு: இருக்கைக்குப் பின்னால் தரைக்கு அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டிகள், பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடம், முன் மட்கார்டின் மேல் பின்மூலை, கதவின் அடிவிளிம்பு. பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில் இருக்கிறது. அதன் மேற்பரப்பில் சேறு தங்குவதால் மேலிருந்து துரு பிடித்து ஓட்டையாகும். அடியில் பார்த்தால் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஹீட்டருக்குக் கீழே மழைநீர் வடியும் ரப்பர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, கண்ணாடிக்கு முன்னுள்ள பெட்டி அழுகும். கதவில் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே விழும் விரிசல் இந்த வண்டிகளில் வழக்கமானது. அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

காகிதங்களில் முதலில் சேசிஸ் எண். ஜி.எச்.என். என்று தொடங்கினால் திறந்த மாடல், ஜி.எச்.டி. என்றால் ஜி.டி. என்ற கூரை மாடல். பதிவுச் சான்றிதழிலும் வண்டியிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் செலுத்தினால், அந்த எண் கொண்ட வண்டி எப்போது, எந்த நிறத்தில் தொழிற்சாலையை விட்டுப் போனது என்ற சான்று தருவார்கள்.

பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. என்ற வருடாந்திர சாலைத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இது சலுகைதான். ஆனால் பல வண்டிகளின் அடிப்பாகத்தை அதற்குப் பிறகு யாருமே தூக்கிப் பார்த்ததில்லை. பழைய சோதனை முடிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. "துரு" என்று எத்தனை முறை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாங்கும் முன் விற்பவரின் சம்மதத்தோடு ஒரு சோதனைக்கு விடுங்கள். அந்தக் கட்டணத்தைப் போல லாபமான செலவு வேறில்லை.

முதல்முறை செய்பவருக்கு எங்கள் பரிந்துரை 1968 முதல் 1974 நடுப்பகுதி வரையிலான வண்டிகள். 1967 இறுதியில் வந்த இரண்டாம் வரிசையில் பற்கள் உரசாமல் கியர் மாற உதவும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்கும் வந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் மாறி நெகட்டிவ் எர்த் ஆனது. 1974 இறுதியில் வந்த ரப்பர் பம்பர் வண்டிகள் விலை மலிவு, ஆனால் ஒன்றரை அங்குலம் உயர்த்தப்பட்டவை. வளைவில் அதிகம் சாயும். கூரையுள்ள ஜி.டி.யை நம்மவர்கள் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. பலமான பாடி, குறைந்த விலை; எங்களுக்கு அது பிடிக்கும்.

வெட்டுவதற்கு முன்

வாங்கிய மறுநாளே கிரைண்டரை எடுத்து அழுகிய சட்டத்தை வெட்டிவிடுவதுதான் நாங்கள் பார்க்கும் மிகப் பெரிய தவறு. சட்டத்தை எடுத்ததும் பாடி மில்லிமீட்டர் கணக்கில் மடியும். அந்த நிலையில் புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தால் கோணல் நிரந்தரமாகிவிடும். கதவு பிறகு ஒருபோதும் ஒழுங்காகச் சாத்தாது.

முதலில் வண்டியை மட்டமான தரையில், சஸ்பென்ஷனின் மேல் எடை விழும்படி நிறுத்துங்கள். நடுவில் முட்டுக் கொடுத்து முனைகளைத் தொங்கவிடக் கூடாது. கதவுகளை மாட்டி இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ஏற்கெனவே மடிந்த வண்டியாக இருந்தால் ஜாக்கியால் மெதுவாகத் தூக்கிக் கதவு பொருந்தும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 25 மி.மீ. சதுர இரும்புக் குழாயைக் கதவு வாசலில் கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையே, மேலே ஒன்றும் குறுக்கே ஒன்றுமாக வெல்டிங் வையுங்கள். கதவை மாட்டிக் கழற்ற இடம் விட்டு, உள்பக்கமாகவே வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். அழுகிய தரையும் அடி நீளத்தகடும் முதலில், அடுத்து உள்தகடு, பிறகு நடுத் தடுப்பு, கடைசியில் வெளித்தகடு. ஒவ்வொன்றையும் கிளாம்ப் போட்டு, புள்ளி வெல்டிங் வைத்து, கதவை மாட்டிப் பாருங்கள். முன் மட்கார்டையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எல்லாம் பொருந்திய பிறகுதான் முழு வெல்டிங்.

இந்தத் தகடுகள் சுமார் 1 மி.மீ. கனம். 0.6 மி.மீ. கம்பியோடு மிக் வெல்டிங் போதும். ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும், 2 செ.மீ. அளவு வைத்து, இடம் மாறி வையுங்கள். ஸ்பாட் வெல்டிங் மெஷின் இல்லையென்றால் மேல் தகட்டில் 6 மி.மீ. துளைகள் போட்டு, அதன் வழியே அடித்தகட்டோடு சேர்த்து நிரப்புங்கள். ஒட்டும் பரப்புகளில் முன்பே துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடாதீர்கள். பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சுவது பெயின்ட் வேலை முடிந்த பிறகே. முன்பே அடித்தால் வெல்டிங் சூட்டில் பற்றும், பெயின்டும் ஒட்டாது.

இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தானவையும் உண்டு. வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். காலி டேங்கில் உள்ள ஆவிதான் வெடிக்கும். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளையும் கழற்றுங்கள். தகட்டின் மறுபக்கம் ஒட்டிய தார்ப்பூச்சும் சத்தம் தடுக்கும் அட்டையும் நீங்கள் பார்க்காத இடத்தில் புகையும். வேலை முடித்து அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டு கலவை பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாய் வழியே வரும் முகமூடி இல்லையென்றால் அந்த வேலையைப் பெயின்ட் பட்டறையிடம் விடுங்கள்.

எஞ்சின், கார்பரேட்டர், மின்சாரம்

1798 சி.சி. எஞ்சின் முரட்டு உழைப்பாளி. 1964 இறுதி முதல் வந்த கிராங்க் தண்டை ஐந்து மெயின் பேரிங் தாங்கும் வகை இன்னும் உறுதி. சூடான எஞ்சின் ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. எண்ணெய் அழுத்தமும், ஐட்லிங்கில் 10 முதல் 25-ம் காட்ட வேண்டும். கம்ப்ரஷன் சோதனையில் நான்கு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்குள் வேறுபாடு இருந்தால் நிம்மதி. வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள டேப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம்.

கிளட்ச் மாற்றவே எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், கிராஃபைட் ரிலீஸ் பேரிங், எஞ்சின் மவுன்டிங் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் அந்த கிராஃபைட்டைச் சீக்கிரம் தின்றுவிடும்.

ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 1999 இறுதியோடு நின்றது. ஈயம் இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வ் அமரும் இருக்கை தேய்ந்து உள்ளிறங்கும். அதனால் டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறையும், அதுதான் அடையாளம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் வேளையில் கடினமான இருக்கை வளையங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும். பெட்ரோல் ஹோஸ்களை ஜே30 ஆர்9 தரத்துக்கு மாற்றி, 5 சதவீதத்துக்குள் எத்தனால் உள்ள உயர்வகைப் பெட்ரோலை ஊற்றுங்கள்.

எஸ்.யு. கார்பரேட்டர்மீது பழி போடுவதற்கு முன் டேப்பெட், பாயின்ட், இக்னிஷன் டைமிங் மூன்றையும் முடியுங்கள். எச்.எஸ்.4 வகை கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை மேல்மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து நட்டை 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்கினால் தொடக்க நிலை. எஞ்சின் சூடானதும் ஒரு கார்பரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை முக்கால் மி.மீ. அளவுக்கு மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம்; இறங்கினால் குறைவு; லேசாக ஏறி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால் சரி. எவ்வளவு திருகியும் நிலைக்கவில்லையென்றால் திராட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுக்கிறது.

மின்சாரத்தில் பெரும்பாலான கோளாறு எர்த் இணைப்பில்தான். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையை மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் சோக் கேபிள் வழியே திரும்பும். கேபிள் பழுத்துப் புகையும். 1974 இறுதி வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். ஒன்று செத்தாலும் வண்டி கிளம்பாது, இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நட்டு போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குல அளவு. மெட்ரிக் ஸ்பேனரைத் திணித்தால் முனை மழுங்கும்.

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் ஆட்டத்தைப் பார்க்க, ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை ஒருவர் மிதித்தபோதும் ஆட்டம் இருந்தால் அது சக்கர பேரிங் அல்ல, கிங்பின்தான். பக்கத்துக்கு கிரீஸ் செலுத்தும் மூன்று நிப்பிள்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காததே தேய்மானத்துக்குக் காரணம்.

கம்பிச் சக்கரம் இருந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, சக்கரத்தைச் சுழற்றும் திசையில் ஆட்டுங்கள். 'டக்' என்றால் ஹப்பின் பற்கள் தேய்ந்துவிட்டன. புதுச் சக்கரத்தைத் தேய்ந்த ஹப்பில் மாட்டினால் அதுவும் வீணாகும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சக்கரத்தை நடுவில் பிடிக்கும் ஒற்றை நட்டுக்கு இடப்பக்க ஹப்பில் வலது மரை, வலப்பக்க ஹப்பில் இடது மரை. ஹப்புகளை இடம் மாற்றிப் பொருத்தினால் வண்டி ஓட ஓட நட்டு தானே கழன்று சக்கரம் விலகும். வேலை முடிந்து முதல் 50 மைல் ஓடியதும் நான்கு நட்டுகளையும் செம்புச் சுத்தியலால் ஒருமுறை இறுக்குங்கள்; 500 மைலில் ஹெட் நட்டுகளையும் டேப்பெட்டையும் மறுபடி பாருங்கள்.