ரெண்டு தையல் பிரிச்சாச்சு டாக்டர், மாத்திரைதான் காரணமா?

எங்கள் பக்கத்துப் பெண்கள் எடை மெஷினைவிட ஜாக்கெட்டைத்தான் அதிகம் நம்புகிறார்கள். தையற்காரர் உள்பக்கம் மடித்துவிட்ட துணியில் மூன்று நான்கு தையல் ஓடியிருக்கும். உடம்பு போடப் போட ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொள்வார்கள். எவ்வளவு எடை கூடியிருக்கும் என்று கேட்டால், "ரெண்டு தையல் பிரிச்சாச்சு டாக்டர்" என்று பதில் வரும்.

குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த 27 வயதுப் பெண்ணும் அப்படித்தான் சொன்னார். முதல் குழந்தைக்கு இரண்டு வயது. அடுத்ததற்கு இடைவெளி வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். எட்டு மாதத்தில் உடம்பு போட்டுவிட்டது. "அந்தக் கருமத்த நிறுத்துடி, ஊதிப் போயிட்டே" என்று மாமியார் சொல்ல, அட்டையில் பாதி மாத்திரை மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட்டார். அவர் என்னிடம் வந்தது எடைக்காகக்கூட இல்லை. நாள் தள்ளி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஸ்கேனில் ஏழு வாரக் கரு. மாத்திரையை நிறுத்தியும் எடை ஒரு கிலோ குறையவில்லை.

இந்த வரிசை எனக்கு மனப்பாடம். உடம்பு போடும், மாத்திரை நின்றுபோகும், வேண்டாத நேரத்தில் கரு தங்கும், அப்புறம் யாரையோ விட்டு மெடிக்கலில் வாங்கிவரும் கலைப்பு மாத்திரை, நிற்காத உதிரப்போக்கோடு இரவு பத்து மணிக்கு ஆட்டோவில் ஆஸ்பத்திரி. இதில் முதல் கண்ணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை. 21 மாத்திரையில்தான் ஹார்மோன் இருக்கிறது: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எத்தினைல் ஈஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம், அதாவது 30 மைக்ரோகிராம். மீதி ஏழும் இரும்புச்சத்து. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்தே 150 மைக்ரோகிராம் இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் உடம்பு போடும் என்று அந்தக் காலத்து அத்தைகளும் பெரியம்மாக்களும் சொன்ன கதையில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் சாப்பிட்ட மாத்திரை வேறு, நீங்கள் சாப்பிடும் மாத்திரை வேறு. ஒரு குழுவுக்கு மாத்திரையும் இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் சிலருக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டு ஒரு கிலோ, இரண்டு கிலோ காட்டும். மார்பு கனத்து ஜாக்கெட் இறுகும். பெரும்பாலும் அது தானாக வடிந்துவிடும்.

கருத்தடை ஊசி கதை வேறு. அதைச் சொல்லும்போது என் தப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை அரசுத் திட்டத்தில் 'அந்தரா' என்பார்கள். மருந்தின் பெயர் மெட்ராக்ஸி ப்ரோஜெஸ்டிரோன். பல வருடம் முன்பு ஓர் அம்மா இந்த ஊசியைத் தொடங்கியபோது 52 கிலோ. ஆறு மாதத்தில் 56. "ஊசி போட்டதுலேந்துதான் டாக்டர், பசி தாங்க முடியல, ராத்திரி எந்திரிச்சு பழைய சோத்தத் தேடுறேன்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமலேயே சீட்டு எழுதிக்கொண்டு, "சோத்தக் குறைங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வருடத்தில் 60 கிலோ. அவர் சொன்னதுதான் சரி. இந்த ஊசி சிலருக்கு நிஜமாகவே எடையைக் கூட்டும். மருந்தோடு வரும் குறிப்பே, முதல் வருட முடிவில் சராசரியாக இரண்டரை கிலோ, இரண்டு வருடத்தில் 3.7 கிலோ, நாலு வருடத்தில் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் என்று சொல்கிறது. சராசரி என்றால் கூடாதவர்களும் இருக்கிறார்கள், பத்து கிலோ போட்டவர்களும் இருக்கிறார்கள். யாருக்குக் கூடும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: முதல் ஆறு மாதத்தில் தொடங்கிய எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடினால், அவருக்கு மேலும் கூடத்தான் வாய்ப்பு அதிகம். 52 கிலோக்காரருக்கு அந்தக் கோடு இரண்டரை கிலோவைக் கொஞ்சம் தாண்டியதும் வந்துவிடுகிறது. நான்கு கிலோ கூடியவரிடம் நான் சோற்றைக் குறைக்கச் சொன்னேன். அன்றைக்கே வேறு வழிக்கு மாற்றியிருக்க வேண்டும்.

ஊசியைப் பொறுத்தவரை இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையைப்போல நாளைக்கே நிறுத்திவிட முடியாது. போட்ட மருந்து மூன்று மாதம் உடம்பில் இருக்கும். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்க ஏழிலிருந்து பத்து மாதம்வரை ஆகலாம். சீக்கிரம் அடுத்த குழந்தை வேண்டும் என்கிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

சரி, மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நிஜமாகவே எடை ஏறுகிறது, மாத்திரையும் காரணமில்லை என்றால் வேறு என்ன? நான் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே இறுகுது?" என்பதுதான். ஜாக்கெட் கை இறுகினால் ஒரு யோசனை, வேறு இடம் இறுகினால் வேறு யோசனை. மெட்டி கழலவில்லை, சாயங்காலம் கொலுசு காலில் பதிந்து நிற்கிறது என்றால் அது நீர். பிபியும் சிறுநீரில் புரதமும் உடனே பார்க்க வேண்டும். கையும் காலும் அப்படியே இருக்க, பாவாடை நாடா மட்டும் எட்டவில்லை என்றால் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும். அப்படி வந்த ஒருவருக்குச் சினைப்பையில் தேங்காய் அளவு கட்டி. ஒரு வருடமாகத் தொப்பை என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு ஐந்து மாதக் கர்ப்பம். அவர் மாத்திரையைத் தவறாமல்தான் சாப்பிட்டார். ஆனால் காசநோய்க்கு ரிஃபாம்பிசினும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபைனும் அப்படித்தான். எந்த டாக்டரிடம் போனாலும் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் வரும் சிக்கல் இது.

முகம் மட்டும் பூரணமாக, பௌர்ணமி நிலவு மாதிரி வட்டமாகி, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு கோடாகப் பிளந்திருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, கலர் கலராக நாலு மாத்திரை, அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன், ஏதோ ஒன்று. வலி பறந்துவிடும், உடம்பும் பொலிவாகத் தெரியும், அதனால் யாரும் அந்த மாத்திரையைச் சந்தேகப்படுவதில்லை. பழி கருத்தடை மாத்திரை மேல் விழும். இதைப் படித்ததும் பயந்துபோய் அந்தக் காகித மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஸ்டீராய்டை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தைராய்டு எல்லோரும் கேள்விப்பட்டதுதான். அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல், மார்கழிக் குளிரைத் தாங்க முடியாமை, மாதவிலக்கில் அதிகப் போக்கு என்று கூடவே ஏதாவது இருக்கும். டிஎஸ்ஹெச் ஒரு ரத்தப் பரிசோதனை, முடிந்தது. பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைத் தொடங்கினால், தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதம் அதிகமாகிவிடுவதுதான் காரணம். ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து ஒருமுறை டிஎஸ்ஹெச் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் சினைப்பை நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்பார்களே, அது. மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்று கல்லூரிப் பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுப்போம். ஆறு மாதத்தில் எடை கூடினால் மாத்திரையால் என்பார்கள். மாத்திரைக்கு முந்தைய ஒரு வருடத்தில் எவ்வளவு கூடியது என்று கேட்டால் அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எடை கூடியதால்தானே மாதவிலக்கே தள்ளிப்போனது!

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சமயபுரத்துக்கு நடக்கவும் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாள் தள்ளிப்போடச் சாப்பிடும் நோரெத்திஸ்டிரோன், கருத்தடை மாத்திரை இல்லை. அதை நம்பி இருக்காதீர்கள். அந்த ஒரு வாரத்தில் உடம்பு உப்பினால் மாதவிலக்கு வந்ததும் வடிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் மிஞ்சுவது வாழ்க்கைதான். யோசித்துப் பாருங்கள், ஒரு பெண் எப்போது மாத்திரையைத் தொடங்குகிறாள்? கல்யாணத்துக்குப் பிறகு, பிள்ளை பெற்ற பிறகு. அதே சமயத்தில்தான் தூக்கம் கெடுகிறது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த பருப்புச் சோறும் தன் வயிற்றுக்கே போகிறது, வேலை மாறுகிறது. எங்கள் ஊரில் என் நோயாளிகளின் அம்மாக்கள் நாற்று பறித்து, நடவு நட்டு, களை எடுத்து, முழங்கால் சேற்றில் நாள் முழுக்க நின்றவர்கள். இப்போது நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். மகள் கும்பகோணத்தில் ஜவுளிக் கடையிலோ வீட்டில் தையல் மெஷின் முன்னாலோ உட்கார்ந்திருக்கிறாள். உடம்பு உழைப்பு குறைந்தது; உலையில் போடும் அரிசி குறையவில்லை. இது யாருடைய குற்றமும் இல்லை. பழியைச் சுமக்க ஒரு மாத்திரை அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எடை கூடுவது மனத்தை உறுத்தினால், அட்டையின் நடுவில் நிறுத்தாதீர்கள். வந்து கேளுங்கள், மாற்ற வழி இருக்கிறது. 'சாயா' என்று ஒரு மாத்திரை, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது. அதில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். காப்பர்-டி 380ஏ பத்து வருடம் தாங்கும், அதிலும் ஹார்மோன் இல்லை. ஆணுறையால் இதுவரை எந்தப் பெண்ணுக்கும் எடை கூடியதில்லை என்பதை இதைப் படிக்கும் ஆண்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. மாலா-என் மாதிரியான மாத்திரை சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ அது எடை சமாச்சாரம் இல்லை. ரத்தம் உறைந்திருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.

மற்றபடி, புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாத்திரை அன்றைக்கே எடை பார்த்து, அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். பலர் ஒப்பிடுவது பிரசவத்துக்கு முந்தைய எடையோடு, அல்லது கல்யாணத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டு மெஷினில் பார்த்த எடையோடு. ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு காட்டன் புடவையில் பார்த்துவிட்டு, அடுத்த முறை விருந்து சாப்பிட்டுப் பட்டுப்புடவையோடு ஏறினால் மெஷின் என்ன செய்யும்? மாதம் ஒருமுறை, ஒரே மெஷினில், காலையில் பாருங்கள். என்னிடம் வரும்போது அந்த அட்டை, பழைய கர்ப்பகால அட்டை, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரையும், காகிதத்தில் மடித்தது உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். தையல் பிரித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரிதான்.