வேட்பாளருக்கு எதிரி யார்? வாக்கு எண்ணும் விதியும் தேர்தல் போட்டியும்

2017 டிசம்பரில் வட சென்னையின் ஆர்.கே. நகர் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் 59 பேர் களத்தில் இருந்தனர். சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 வாக்குகளும், அ.தி.மு.க. வேட்பாளர் மதுசூதனன் 48,306 வாக்குகளும் பெற்றனர். பதிவான வாக்குகளில் முக்கால் பங்குக்கு மேல் இந்த இருவருக்கே சென்றுவிட, தி.மு.க. வேட்பாளர் உட்பட மற்ற 57 பேரும் வைப்புத்தொகையை இழந்தனர். பணம், அனுதாபம், கட்சிப் பிளவு என்று அந்த முடிவுக்குப் பல காரணங்கள் அலசப்பட்டன. அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த வாக்கு எண்ணும் விதியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் ஒரு தொகுதிக்கு ஓர் இடம். மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றார். பாதி வாக்கைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாமிடத்துக்கு எந்தப் பரிசும் இல்லை. இத்தகைய விதி போட்டியை இரு பெரும் அணிகளாகச் சுருக்கும் போக்குடையது என்பதைப் பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரீஸ் துவெர்ஜே 1950களில் விளக்கினார். அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. சிறிய கட்சிகளின் வாக்குகள் இடங்களாக மாறாமல் போவது ஒன்று. அப்படிப் போவதை அறிந்த வாக்காளர், தமக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, வெல்லக்கூடிய இருவரில் ஒருவர் பக்கம் முன்கூட்டியே நகர்வது மற்றொன்று. முதலாவது எண்ணிக்கை மேசையில் நிகழ்கிறது. இரண்டாவது, தேர்தலுக்கு முன்பே வாக்காளர் மனத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

2006 சட்டமன்றத் தேர்தலில் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்ற தே.மு.தி.க. சுமார் 8.4 சதவீத வாக்குகளைப் பெற்று ஒரே ஓர் இடத்தில் வென்றது; ஏறக்குறைய 5.6 சதவீதம் பெற்ற பா.ம.க.வுக்கோ 18 இடங்கள் கிடைத்தன. பின்னதன் வாக்கு வட மாவட்டங்களில் செறிந்திருந்தது. அதோடு ஒரு பெரிய கூட்டணியின் வாக்குகளும் அதன் வேட்பாளர்களுக்குச் சேர்ந்தன. எனவேதான் இங்கே தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தை அவ்வளவு கடுமையாக நடக்கிறது. ஒரு கட்சிக்குள் நடக்கும் போட்டியும் வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே, விருப்ப மனு, நேர்காணல் என்று தலைமை அலுவலகத்திலேயே முடிந்துவிடுகிறது. வாக்காளர் முன் வரும்போது கட்சிக்கு ஒரே முகம்தான்.

விதியை மாற்றினால் போட்டியும் இடம் மாறும். இலங்கையின் நாடாளுமன்றத் தேர்தல் முறையை வட சென்னையில் பொருத்திப் பார்ப்போம். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வட சென்னை மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. இந்த ஆறையும் இணைத்து ஆறு உறுப்பினர் கொண்ட ஒரே தேர்தல் மாவட்டமாக்கினால், இலங்கை விதிப்படி ஒவ்வொரு கட்சியும் இடங்களைவிட மூவர் கூடுதலாக, ஒன்பது பேரை நிறுத்தும். வாக்காளர் முதலில் ஒரு கட்சிக்கு வாக்களிப்பார். பிறகு அதே கட்சியின் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். மாவட்டத்தில் அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு ஓர் இடம் கூடுதலாகக் கிடைக்கும்; மற்ற இடங்கள் கட்சி பெறும் வாக்குகளின் விகிதத்துக்கு ஏற்ப ஒதுக்கப்படும். அந்த இடங்களில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கு முடிவு செய்யும்.

இனி ராயபுரம் வேட்பாளர் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மீனவர் வாக்கும் துறைமுகத் தொழிலாளர் வாக்கும் அவருக்கு உறுதியாக இருந்தாலும் அவை மட்டும் போதாமல் போகலாம். கொளத்தூரிலும் பெரம்பூரிலும் கட்சிப் பட்டியலில் தமக்குரிய விருப்பு எண்ணைச் சொல்லி அவர் வாக்குக் கேட்க வேண்டிவரும். அங்கே அவரை மறிப்பவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், அதே கொடியைப் பிடித்திருக்கும் திருவொற்றியூர்த் தோழர். கட்சிக்கு மூன்று இடம் உறுதி என்றால், ஒன்பது பேரும் அந்த மூன்றுக்காகத் தங்களுக்குள் மோதுவார்கள். தலைமை அலுவலகத்தில் மறைவாக நடந்த போட்டி தெருவுக்கு வந்துவிடும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கு வாக்காளருக்குக் கிடைக்கிறது என்பது இதன் நன்மை. ஆறு தொகுதி அளவுக்குச் செலவு பெருகுவதும், தனிமனிதச் செல்வாக்கு கட்சிக் கொள்கையை முந்துவதும் இதன் விலை. ஆனால் ஆறு தொகுதிகளிலும் சிதறி, எங்குமே வெல்ல முடியாதிருந்த ஆறில் ஒரு பங்கு மக்கள் ஒன்றுபட்டால், இந்த முறையில் அவர்களுக்கும் ஓர் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. இதை நான் மிகப் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

மாநிலங்களவைத் தேர்தல் இன்னொரு வகை. அங்கே சட்டமன்ற உறுப்பினர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கிறார்கள். தமிழ்நாட்டின் 234 உறுப்பினர்களும் ஆறு இடங்களுக்கு வாக்களித்தால் 34 பேரின் ஆதரவு ஓர் இடத்தை உறுதி செய்யும். கணக்கு முன்பே தெரிந்துவிடுவதால் பல முறை வாக்குப்பதிவே நடப்பதில்லை.

விதி மாறினால் போட்டியும் மாறுவதைச் சென்னை மேயர் பதவியில் நாமே பார்த்திருக்கிறோம். 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இலும் 2022-இலும் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலில் மேயர் வேட்பாளர் ராயபுரத்துக்கும் வர வேண்டும், மயிலாப்பூருக்கும் போக வேண்டும். வியாசர்பாடியில் விழும் ஒரு வாக்கும் அடையாற்றில் விழும் ஒரு வாக்கும் அவருக்குச் சமம். மறைமுகத் தேர்தலில் அவர் தம் ஒரு வார்டில் வென்றால் போதும். அதன்பின் அவருக்குத் தேவைப்படுவது கட்சித் தலைமையின் தேர்வும், 200 வார்டுகளில் அக்கட்சிக்குப் பெரும்பான்மையும்தான். நகரின் தேவைகள் பேசப்படும்போது நெடுங்காலம் பின்வரிசையில் வைக்கப்பட்ட வட சென்னைக்கு, வேட்பாளரை நேரில் வந்து பதில் சொல்ல வைக்கும் நேரடித் தேர்தல் முறையே நல்லது என்பது என் உறுதியான கருத்து.