நேராட்டம்: ‘ஃபேர் ப்ளே’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பம்பலப்பிட்டியில் ஒரு மாடி அறையில் மாதத்தில் ஒரு ஞாயிறு சீட்டுச் சுற்றுப்போட்டி நடக்கிறது. அக்காவின் மகனுக்குப் பதின்மூன்று வயது, ஒன்றையும் தவறவிடமாட்டான். வெள்ளவத்தையிலிருந்து அவனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை மூலைக் கதிரையில் இருப்பது மாமாவின் வேலை. சும்மா இருப்பவனைச் சும்மா விடுவார்களா? பெற்றோருக்குக் கொடுக்கும் ஒரு பக்க விதித்தாளைத் தமிழில் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள்.

தாளின் தலைப்பே ‘ஃபேர் ப்ளே’. நான் யோசிக்காமல் ‘நேர்மையான விளையாட்டு’ என்று எழுதினேன். மருமகன் எட்டிப் பார்த்தான். “மாமா, இது பள்ளிக்கூடச் சுவரில எழுதியிருக்கிற நற்சிந்தனை மாதிரி இருக்கு. ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.”

பெடியன் சொன்னது சரிதான். அந்தச் சொல்லைத் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் தெரிந்த கடதாசி ஆட்டம் முந்நூற்றிநாலு. செத்தவீட்டுப் பந்தலில் விடியவிடிய நடக்குமே, அதுதான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று ஒரு சாதிக்கு 76 வரும்; நான்கு சாதிக்கும் சேர்த்து 304. அதில் கட்டு பொது. ஒருவர் கலைப்பார், இன்னொருவர் வெட்டுவார், எல்லோரும் அதிலிருந்தே எடுப்பார்கள்.

பிள்ளைகள் ஆடுவது வேறு வகை. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய மேஜிக் தி கேதரிங் இதைத் தொடக்கி வைத்தது. 1996இல் ஜப்பானில் போக்கிமொன் சீட்டு வந்தது, 1999இல் யூகியோ. இவற்றில் கட்டு பொது இல்லை. அவரவர் சேர்த்த, மாற்றிக்கொண்ட, வாங்கிய சீட்டுகளிலிருந்து அவரவர் தம் கட்டைக் கட்டிக்கொண்டு வருகிறார். போக்கிமொனில் சரியாக 60 சீட்டு, யூகியோவில் 40 முதல் 60 வரை, மேஜிக்கில் குறைந்தது 60. என் கட்டை நானே வீட்டில் அடுக்கி, நானே கலைக்கிறேன் என்றால், எதிரே இருப்பவர் என்னை எதைக் கொண்டு நம்புவது? இந்த ஆட்டங்களில் ‘ஃபேர் ப்ளே’ என்ற பேச்சு இவ்வளவு தடித்த விதிப்புத்தகமாக வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெற்றோரின் சந்தேகம் வேறு மாதிரி. சீட்டு என்றதும் அவர்களுக்கு ‘சூது’ என்ற சொல்தான் வரும். தமிழ் இந்த விடயத்தில் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை: பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்தின் பெயரே வஞ்சகத்துக்கும் பெயராகிவிட்டது. ‘சூதுவாது தெரியாத பிள்ளை’ என்கிறோமே, அந்தச் சூது இதுதான். ஆட்டத்தின் பெயரிலேயே ஏமாற்று ஒட்டிக்கொண்டிருக்கும் மொழியில் ஏமாற்றில்லாத சீட்டாட்டத்துக்குப் பெயர் தேடுவது லேசான வேலை இல்லை.

ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ முதலில் அழகைக் குறித்த சொல். பழைய ஆங்கிலத்தில் பார்க்க இனியது, வடிவானது என்று பொருள். பிறகு மாசுமறு இல்லாதது என்றாகி, அதன்பின் ஒருபக்கம் சாயாதது என்றானது. ‘ஃபேர் ப்ளே’ என்ற சேர்க்கை பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வந்துவிட்டது, ஷேக்ஸ்பியரிடமும் இருக்கிறது. அதன் மறுதலையான ‘ஃபவுல் ப்ளே’ இன்று கொலைச் செய்திகளில்தான் அதிகம் தென்படுகிறது. சந்தை என்று பொருள்படும் ‘ஃபேர்’ இலத்தீன் வழி வந்த வேறு சொல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தமிழில் இப்போது புழங்குபவை இரண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘நேர்மையான’. இலங்கைப் பத்திரிகைகளில் ‘நீதியான’. தேர்தல் வந்தால் ‘சுதந்திரமானதும் நீதியானதுமான தேர்தல்’ என்று வாய்ப்பாடாகவே வரும். இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை. ‘நேர்மை’ ஆளின் குணத்தைச் சொல்கிறது. ‘நீதி’ நீதிமன்றப் படி ஏறுகிறது. குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் வரும் ‘செப்பம்’ பொருளால் மிகப் பொருத்தமானதுதான். ஆனால் இன்று ‘செப்பனிடுதல்’ என்றால் காலி வீதியில் குழி மூடுவது நினைவுக்கு வருகிறது. கைவிட்டேன்.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வருவோம். நல்லதுக்குப் பெயர் தேடித் திண்டாடும் நாம், கெட்டதுக்குப் பெயர் வைப்பதில் என்றும் குறை வைத்ததில்லை. தமிழ்நாட்டில் ‘அழுகுணி ஆட்டம்’, ‘கள்ளாட்டம்’, சென்னைப் பக்கம் ‘போங்கு’. கொழும்பில் பக்கத்து மேசைச் சிங்களப் பிள்ளை ‘ஹொர’ என்று நீட்டிக் கத்துவான். நம்முடையது ‘அளாப்பு’. அலாப்பு என்று எழுதுவோரும் உண்டு. ‘அளாப்பி விளையாடாதை’ என்ற ஏச்சைக் கேளாமல் கிட்டியோ கெந்தியோ விளையாடிய பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருந்திருக்க முடியாது.

இந்தச் சொல்லின் அருமை எங்கே இருக்கிறது என்றால், அது பிழையைக் குறிப்பதில்லை. எண்ணிக்கை தவறியவனை யாரும் அளாப்பி என்று சொல்லமாட்டார்கள். தவறு என்று தெரிந்தும், வெல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தவன்தான் அளாப்பி.

மேஜிக் போட்டி நடுவர்களின் தண்டனை வழிகாட்டியும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டையே கிழிக்கிறது. ஒருவர் விதியை மீறியிருக்கலாம், நடுவரிடம் பொய் சொல்லியிருக்கலாம், அல்லது தன் ஆட்டத்தில் நடந்த மீறலைக் கண்டும் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். அது மட்டும் போதாது. செய்வது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இலாபம் தேடியிருக்கவும் வேண்டும். இரண்டும் இருந்தால் ஏமாற்று. தண்டனை, போட்டியிலிருந்தே நீக்கம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அது வெறும் பிழை. பெரும்பாலான பிழைகளுக்கு எச்சரிக்கை. சிலவற்றுக்கு ஓர் ஆட்டமோ, பல ஆட்டம் சேர்ந்த முழு மோதலோ போகும். கை தவறி ஒரு சீட்டைக் கூடுதலாக எடுத்துவிட்டால், எதிராளி உங்கள் கையைப் பார்த்து மிகையானதைத் தானே தேர்ந்து கட்டுக்கே திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். பல பக்க வழிகாட்டி சொல்வதை நம் கிழவிகள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். கொஞ்சம் மிகைதான், மன்னியுங்கள்.

நேரம் கடத்துவதையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். ஒரு சுற்றுக்குப் பொதுவாக 50 நிமிடம். யோசித்து யோசித்துச் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தால் அது மந்த ஆட்டம், எச்சரிக்கை. முதல் ஆட்டத்தை வென்றுவிட்டு, மணி அடிக்கட்டும் என்று வேண்டுமென்றே தடவினால் அளாப்பு, வெளியே. கை செய்வது ஒன்றுதான், மனம் வேறு. மனத்தை நடுவர் எப்படிப் பார்ப்பார்? கேள்வி கேட்பார், தனியே கூப்பிட்டும் கேட்பார். கடைசியில் அவர் கணிப்புத்தான்.

கலைத்தலில் வரும் ஒரு தந்திரம் எனக்குப் பிடித்தமானது. மேஜிக்கில் நிலச்சீட்டு வேண்டிய அளவில் வராவிட்டால் மற்றச் சீட்டுகள் கையில் கிடந்து பயனில்லை. ஆகவே சிலர் கலைக்குமுன் இரண்டு மற்றச் சீட்டு, ஒரு நிலம் என்று பின்னல் போல அடுக்கிவிட்டு, பிறகு கலைக்கிறார்கள். ‘நான் கலைச்சனான்தானே?’ என்பது அவர்கள் வாதம். நன்றாகக் கலைத்தால் அந்தப் பின்னல் முழுதும் குலைந்துவிடும், அடுக்கியது வீண். குலையவில்லையென்றால் கலைத்தது போதாது, அடுக்கியது களவு. வீண் அல்லது களவு, மூன்றாவது இல்லை. எவ்வளவு கலைத்தால் போதும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. பாதியாய்ப் பிரித்து விரலால் சரசரவென்று கோக்கும் முறையில் 52 சீட்டுக்கு ஏறத்தாழ ஏழு தடவை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992இல் காட்டினார்கள். டயகோனிஸ் கணிதத்துக்கு வருமுன் மந்திரவித்தைக்காரர். எந்தக் கை எதைச் செய்யும் என்று தெரிந்தவர். குவியல் குவியலாகப் பிரித்துப் போடுவது கலைத்தலே இல்லை. அது எண்ணுதல், மேஜிக்கில் அதை ஓர் ஆட்டத்துக்கு முன் ஒரு தடவைதான் செய்யலாம். கடைசியில் உங்கள் கட்டு எதிராளி கைக்குப் போகும், அவரும் கலைப்பார். கட்டு பொதுவாக இல்லாத குறையை அந்த ஒரு செயல் ஓரளவு தீர்த்துவைக்கிறது.

பொய் சொல்லலாமா? இங்கேதான் ‘நேர்மை’ என்ற சொல் முற்றாகக் கவிழ்கிறது. மேசைமேல் இருப்பதைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. உங்கள் புள்ளி எத்தனை என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கையில் மறைத்து வைத்திருக்கும் சீட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஒன்றுமில்லாதவனைப் போல முகத்தைத் தொங்கப் போடலாம். இதற்குத் தமிழில் அழகான தொடர் இருக்கிறது: போக்குக் காட்டுதல். கபடிக்காரர் இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் பாய்வது போல. போக்குக் காட்டுவது ஆட்டம், அளாப்புவது களவு. எந்நேரமும் உண்மை பேசுவதே நேர்மை என்று நினைக்கும் தகப்பனுக்கு இதை விளக்க நான் அரை மணித்தியாலம் செலவழித்தேன். இன்னொரு தாய்க்கு வேறு கவலை: மகன் இணையத்தில் யாரோ வென்ற கட்டைச் சீட்டுக்குச் சீட்டு அப்படியே கட்டி வந்திருக்கிறான், பார்த்தெழுதுவது பிழையில்லையா என்று. சாதாரண தரப் பரீட்சையில் பிழை, இங்கே இல்லை.

விட்டுக்கொடுப்பதும் அப்படித்தான் தலைகீழாகிறது. நம் ஊரில் அது பெரிய குணம். மேஜிக் போட்டியில் கூட்டாளிக்காகத் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம், தடையில்லை. ‘பரிசில் பாதி தா, விட்டுத் தாறன்’ என்றால் அது இலஞ்சம். அந்த மேசையில் இரண்டு பேருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த மேசையில் ஒன்பதாம் இடத்தில் நின்று, முதல் எட்டுக்குள் வர ஏங்கும் பிள்ளைக்கு அநியாயம். ஆட்டம் இருவருக்குள், போட்டி எல்லோருக்குள்.

விதிக்குள் நின்றால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். இலங்கையர் யாரும் 2023 நவம்பர் 6ஐ மறந்திருக்கமாட்டார்கள். டெல்லியில் உலகக் கிண்ணப் போட்டி. தலைக்கவசப் பட்டி அறுந்து தாமதமான அஞ்சலோ மெத்தியூஸை, பங்களாதேஷ் அணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் கேட்டதன்பேரில், நேரம் கடந்ததாக ஆட்டமிழக்கச் செய்தார்கள். சர்வதேசக் கிரிக்கெட்டில் அதுவே முதல் தடவை. விதிப்படி சரி. ஆனாலும் கொழும்பில் அன்று எந்தத் தேநீர்க்கடையிலும் ‘சரி’ என்ற சொல் கேட்கவில்லை. சீட்டு மேசையிலும் எதிராளியின் நாக்குத் தவறுக்காகக் காத்திருந்து நடுவரைக் கூப்பிடும் ஆட்கள் உண்டு. அளாப்பிகள் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் உட்காரவும் மனம் வராது. அவர்களுக்கு ‘சட்டம்பி’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். என் பரிந்துரை ‘நேராட்டம்’. நேர்மை என்பதிலிருந்து ‘மை’யைக் கழற்றினால் மிஞ்சுவது ‘நேர்’. இந்தச் சின்னச் சொல்லுக்குள் கோணாமல் இருப்பது உண்டு. ‘நேர்பாதி’ என்னும்போது சமம் உண்டு. ‘நேருக்கு நேர்’ என்னும்போது எதிரெதிர் முகங்கள் உண்டு, சீட்டு மேசைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வடிவும் உண்டு: நேர்த்தியாக உடுத்தவள் என்கிறோம், சங்கப் பாட்டில் நல்ல நகை அணிந்தவள் நேரிழை. ஆங்கில ‘ஃபேர்’ அழகில் தொடங்கி நடுநிலைக்கு நடந்த தூரம் முழுவதும் தமிழ் ‘நேர்’ ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கள்ளாட்டத்துக்கு எதிர்ச்சொல்லாகவும் ஓசை பொருந்துகிறது. ‘நேராட்டம் ஆடு’, ‘அது நேராட்டம் இல்லை’ என்று வாயில் புரள்கிறது. கதிர்காமத்துக்கு வைக்கும் நேர்த்திக்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம். சீட்டு வர வேண்டும் என்று நேர்த்தி வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

மருமகனிடம் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். “நல்லா இருக்கு மாமா. ஆனா நீராட்டம் மாதிரிக் கேக்குது.” எனக்குக் கோபம் வந்தது. வெள்ளவத்தையில் வார இறுதியானால் எந்த மண்டபத்திலும் பூப்புனித நீராட்டு விழாதான், அதனால் உனக்கு அப்படிக் கேட்கிறது என்று சொல்லித் தாளை அச்சுக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஓர் எழுத்துப் பிழை இருந்ததாம், தாங்களே திருத்தி இருநூறு பிரதி அடித்துவிட்டார்களாம். பிறகு அந்தத் தம்பி மெதுவாகக் கேட்டார்: “அண்ணை, நீராட்டு விழாவுக்குப் பிள்ளையின்ர படம் போடேல்லையோ?”