மதியம் இரண்டு மணிக்கு மந்தமாகும் லேப்டாப்

அக்கா மகளின் லேப்டாப்புக்கு விநோதமான ஒரு நோய். காலையில் ஒழுங்காக ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தால், விசையைத் தட்டியதற்கும் எழுத்து திரையில் விழுவதற்கும் நடுவே ஒருமுறை மூச்சு விட்டுக்கொள்ளலாம். இணைய வகுப்பில் ஆசிரியரின் குரல் முன்னே போகும், உதடு பின்னால் வரும். சர்வீஸ் கடையில் கொடுத்தாள். வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்து மறுபடி நிறுவித் தந்தார்கள். மறுநாள் மதியம் பழைய கதைதான். திரும்பக் கொண்டுபோனால் கடையில் அது குதிரையாக ஓடியது. “ஒன்றும் இல்லையே” என்றார்கள். இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள்.

“சித்தி, இதற்குப் பேய்தான் பிடித்திருக்கிறது” என்று என்னிடம் கொண்டுவந்து வைத்தாள்.

வைரஸுக்கும் பேய்க்கும் மணி பார்க்கத் தெரியாது. கடையில் ஏசி ஓடுகிறது, அவள் அறையில் மதியம் 36 டிகிரி. இதைத் தவிர வேறு துப்பு தேவைப்படவில்லை. வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, வகுப்பு நடக்கும்போது பார்த்தேன். 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடிய பிராசசர், அதாவது லேப்டாப்பின் மூளையான சில்லு, 1.1-இல் தவழ்ந்துகொண்டிருந்தது. வெப்பம் 99 டிகிரி. கெட்டுப்போன லேப்டாப் அல்ல அது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் லேப்டாப். சூடு எல்லையைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். த்ராட்டிலிங் என்று இதற்குப் பெயர். பெரும்பாலான லேப்டாப் பிராசசர்களில் இந்த எல்லை 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும்.

மின்விசிறிக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி காற்றாகிறது, விளக்குக்குக் கொடுப்பதில் ஒரு பகுதி வெளிச்சமாகிறது. பிராசசருக்கு 15 வாட் கொடுத்தால் ஏறத்தாழ 15 வாட்டும் வெப்பமாகவே வெளியேறும். கணக்குப் போடுவது எந்த ஆற்றலையும் எடுத்துவைத்துக்கொள்வதில்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறி மாறித் திறந்து மூடும்போது, ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. அந்தச் சிட்டிகைகள்தாம் வெப்பம்.

15 வாட் என்ன பெரிய அளவா என்று தோன்றும். இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1,000 வாட் பெட்டியின் அடிப்பகுதி சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். பிராசசரின் சிலிக்கன் சில்லோ ஏறத்தாழ ஒரே ஒரு சதுர சென்டிமீட்டர்தான். இஸ்திரிப் பெட்டியைவிட மும்மடங்கு நெருக்கமான சூடு, நம் மடிமேல். அதை வெளியே கொண்டுபோகும் பாதையில் எங்காவது அடைப்பு விழுந்தால் சில வினாடிகளிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பாதையில் வெப்பத்துக்கு ஒரே எதிரி காற்று. விநோதம் என்னவென்றால், கடைசியில் அதைக் காப்பாற்றுவதும் அதே காற்றுதான். எங்கே காற்று இருக்கக் கூடாது, எங்கே இருந்தே ஆக வேண்டும் என்பது புரிந்தால் லேப்டாப்பின் குளிர்விப்பு முழுவதும் புரிந்த மாதிரி.

முதலில் இருக்கக் கூடாத இடம். சிலிக்கன் சில்லின் மேல் ஒரு செம்புத் தகடு அமர்ந்திருக்கும். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு மலைத்தொடர்களைக் கவிழ்த்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தது போலிருக்கும். உச்சிகள் சில இடங்களில் தொடும், பள்ளங்களில் காற்று தங்கும். செம்பின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400 என்றால், காற்றுக்கு வெறும் 0.026. பதினையாயிரம் மடங்கு வித்தியாசம். தகடு எங்கும் தொடாமல் 0.05 மில்லிமீட்டர் காற்று மட்டும் நடுவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுடியின் கனம்தான். அதன் வழியே 15 வாட் கடந்துபோக இரு பக்கத்துக்கும் இடையே 288 டிகிரி வித்தியாசம் வேண்டும். அதே இடைவெளியை 5 என்ற சுமாரான கடத்துத்திறன் கொண்ட தெர்மல் பேஸ்ட் என்ற பசையால் நிரப்பினால் ஒன்றரை டிகிரி போதும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் பேஸ்டின் வேலை எனக்குச் சரியாகப் புரிந்தது. பேஸ்ட் நல்ல கடத்தி அல்ல. செம்போடு ஒப்பிட்டால் மிக மட்டமான கடத்தி. பள்ளங்களில் இருக்கும் காற்றைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்காருவது மட்டுமே அதன் பணி. அதனால்தான் நிறையப் பூசக் கூடாது என்கிறார்கள். இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவுவதுபோல் அப்பிவைத்தால், செம்பு நேரடியாகத் தொட்டிருக்க வேண்டிய உச்சிகளுக்கு நடுவிலும் அந்த மட்டமான கடத்தி புகுந்துகொள்ளும். சிறு சில்லுக்கு ஓர் அரிசியளவு போதும், மிச்சத்தைத் தகட்டின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும்.

சில ஆண்டுகளில் இந்தப் பேஸ்ட் வீணாகிவிடுகிறது. சூடாகும்போது சில்லும் தகடும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, ஆறும்போது சுருங்குகின்றன. ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிப் போகும். அதிலுள்ள எண்ணெயும் பிரிந்து, மிச்சம் காய்ந்த சாம்பல் நிறப் பொருக்காக நிற்கும். பள்ளங்களுக்குக் காற்று திரும்பி வந்துவிடும்.

செம்புத் தகட்டிலிருந்து லேப்டாப்பின் ஓரம் வரை தட்டையான ஒரு செம்புக் குழாய் போகும். திறந்து பார்ப்பவர்களில் பலர் அதைக் கெட்டியான செம்புப் பட்டை என்றே நினைக்கிறார்கள். 6 மில்லிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள கெட்டிச் செம்புக் கம்பி 15 வாட்டைக் கடத்த இரு முனைக்கும் இடையே ஏறத்தாழ 200 டிகிரி வித்தியாசம் தேவைப்படும். செம்பாலேயே முடியாத வேலை. உள்ளே சில துளி நீரும், காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடமும் இருப்பதால்தான் அது முடிகிறது.

அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் 40, 50 டிகிரியிலேயே கொதிக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மறுபடி நீராகும். இட்லிப் பானை மூடியைத் திறந்து நீராவியில் கை சுட்டுக்கொண்டவர்களுக்கு இதன் வலிமை தெரியும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்கச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். அவ்வளவையும் சுமந்து போய் அந்த ஆவி மறுமுனையில் இறக்கிவைக்கிறது. 15 வாட்டுக்கு வினாடிக்கு 6 மில்லிகிராம் நீர் ஆவியானால் போதும். ஒரு சொட்டு நீர் எட்டு வினாடிக்கு வரும். குளிர்ந்த நீர் திரும்பி வருவதற்குக் குழாயின் உட்சுவரில் செம்புத்தூளை உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைத்த நுண்துளைப் படலம் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் அது நீரை இழுத்துவரும்.

ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய கோக்லர் என்பவர் இதே யோசனைக்கு 1944-இலேயே காப்புரிமை பெற்றார். யாரும் சீந்தவில்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்வெளியில் பயன்படும் அணு மின்கலன்களுக்காக அதைத் தனியே உருவாக்கி, ஹீட் பைப் என்று பெயரிட்டார். 1967-இல் அது சுற்றுப்பாதையில் சோதிக்கப்பட்டது. எடையின்மையிலும் திரி நீரை இழுக்கிறது என்பது அங்கே உறுதியானது. செயற்கைக்கோளுக்கு வந்த அந்தக் குழாய் இன்று நம் மடியில் இருக்கிறது. அசையும் பாகம் எதுவும் இல்லாததால் ஹீட் பைப் பெரும்பாலும் பழுதாவதில்லை. வளைத்தோ நசுக்கியோ வைத்தால் மட்டும் அதன் கதை முடிந்தது.

குழாய் முடியும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்புப் பற்கள்போல அடுக்கியிருக்கும். இங்கேதான் காற்று கட்டாயம் வேண்டும். ஃபேன் ஊதும் காற்று தகடுகளின் இடுக்குகள் வழியே ஓடி வெப்பத்தை அள்ளிக்கொண்டு வெளியேறும். இது எவ்வளவு அள்ளும் என்பது தகட்டுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. எல்லை 100 டிகிரி என்றால், 24 டிகிரி ஏசி கடையில் 76 டிகிரி வித்தியாசம் கிடைக்கும். 36 டிகிரி அறையில் 64 தான். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. நல்ல நிலையில் உள்ள லேப்டாப் இந்த இழப்பைக் கவனிக்கவே செய்யாது. அடைத்துக்கொண்ட லேப்டாப் ஏற்கெனவே விளிம்பில் நின்றுகொண்டிருக்கும். போதாததற்கு, சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களில் மின்கசிவு கூடும், கசிவு கூடினால் சூடு இன்னும் ஏறும். கடையில் குதிரையும் வீட்டில் ஆமையுமாக அது ஓடிய ரகசியம் இதுதான்.

திறந்தேன். திறப்பதற்கு முன் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை முழுக்க அணைத்துவைத்தேன். உள்ளே கை வைத்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பை விடுவிப்பது. பேட்டரி உப்பியிருந்தால், அதாவது மூடி பிதுங்கியோ டச்பேட் மேலே எழும்பியோ இருந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உப்பிய லித்தியம் பேட்டரியை நெம்பி எடுப்பது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

நிலைமின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் விரலில் சுள்ளென்று உணரச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில சில்லுகள் சாக 100 வோல்ட்டே போதும். நாம் உணராமலேயே கொன்றுவிடலாம். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இது அவ்வளவு சேராது. ஏசி அறையின் வறண்ட காற்றில், செயற்கை இழைக் கம்பளத்தின் மேல் நடந்து வந்து தொட்டால் ஆபத்து. பூமியோடு இணைந்த உலோகம் எதையாவது தொட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், நீளத்தில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் அது மதர்போர்டைத் துளைக்கும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்திவைத்துக்கொண்டால் போதும். ஹீட் சிங்க்கின், அதாவது சில்லின் மேல் அமரும் அந்தச் செம்புத் தகட்டின், மேல் உள்ள ஸ்க்ரூக்களுக்கு அருகே 1, 2, 3, 4 என்று எண் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசையில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் முதலில் முழுக்க இறுக்கினால் சில்லின் விளிம்பு உடையலாம்.

வெளியிலிருந்து பார்த்தபோது காற்றுத் துளை சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேனின் மூடியைக் கழற்றியதும் குற்றவாளி சிக்கியது. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே, வெட்டித் தைத்துவைத்ததுபோல் ஒரு பஞ்சுப் பட்டை. தூசி பொடியாக மட்டும் இருந்தால் காற்றோடு வெளியே போய்விடும். தலைமுடியும் துணி இழையும் குறுக்கே மாட்டிக்கொண்டால் பொடி அதில் சிக்கும். மாதக்கணக்கில் அமுங்கிக் கம்பளியாகிவிடும். வெளித் துளையில் ஊதினால் அது நகராது. மேலும், ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுழன்று அதன் பேரிங் கெடும்.

பட்டையைக் கிடுக்கியால் எடுத்தேன். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியதை வைத்தேன். மெமரி சில்லுகளின் மேல் இருந்த மெத்தென்ற தெர்மல் பேடுகளைக் கிழியாமல் அப்படியே விட்டேன். அங்கே இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் பேஸ்ட் எட்டாது. இணையத்தில் புகழப்படும் திரவ உலோகத்தை நான் தொடுவதே இல்லை. காலியம் கலந்த அது வெப்பத்தை அருமையாகக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரித்துத் தின்னும். ஒரு துளி சிதறினால் மதர்போர்டு உண்மையாகவே போய்விடும்.

திறந்த கையோடு காலியாக இருந்த இடத்தில் இரண்டாவது ரேமையும் (தற்காலிக நினைவகம்) செருகினேன். ஒரே அளவில் இரண்டு ரேம் இருந்தால் பிராசசர் இரண்டு வழியாகத் தரவை எடுக்கும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்ற நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: எம்.2 என்ற மெல்லிய அட்டை வடிவில் சேட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்குச் சகோதரிகள், ஆனால் ஒன்றுக்கான இடத்தில் மற்றது பல லேப்டாப்புகளில் வேலை செய்யாது.

ஸ்க்ரூ டிரைவரே இல்லாமலும் சூட்டைக் குறைக்கலாம். பிராசசர் தின்னும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் பொறுத்தது. அழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் அந்த ஆற்றல் 19 சதவீதம் குறையும். உச்ச வேகத்துக்கு அழுத்தமும் கூட வேண்டும் என்பதால், கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மிகப் பெரிய விலை கொடுக்கிறோம். விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்புகளில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 ஆக்கினால் பல லேப்டாப்புகளில் அந்த உச்சப் பாய்ச்சல் நின்றுவிடும். மின்னழுத்தத்தையே கைப்பட இறக்கும் வழி முன்பு பலருக்கும் திறந்திருந்தது. 2019 டிசம்பரில், அழுத்தத்தைத் தாழ்த்தியே பிராசசரின் ரகசியங்களைக் கசியவைக்கும் ‘பிளண்டர்வோல்ட்’ என்ற தாக்குதலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன்பின் இன்டெல் பல இயந்திரங்களில் அந்த வழியைப் பூட்டிவிட்டது.

மறுநாள் மதியம், அதே அறை, அதே வகுப்பு. 74 டிகிரி. வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவில்லை.

எடுத்துவைத்த பஞ்சுப் பட்டையை அவளிடம் காட்டினேன். அழுக்குக்கு அடியில் அது நீலமாக இருந்தது. அவள் கட்டிலில் விரித்திருக்கும் போர்வையின் அதே நீலம். கட்டிலில் வைத்துக்கொண்டு படித்தால் அடிப்பக்கத் துளைகள் மெத்தையில் மூடிக்கொள்ளும், ஃபேன் காற்றுக்காக ஏங்கிப் போர்வையின் இழையை உறிஞ்சும். அவள் கட்டிலை விடுவதாக இல்லை. பரணிலிருந்து பாட்டியின் மணைப்பலகையை இறக்கிக் கொடுத்திருக்கிறேன். லேப்டாப் இப்போது அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.