"ஆமாம்" என்று பதில் வராத கேள்வி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்ஸ் வேலை பார்க்கும் நமக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. வார்டில் எட்டுப் படுக்கை என்றால் குடும்பப்பெயரில் மூன்று பேர் பிள்ளை, இரண்டு பேர் கோவெண்டர், ஒருவர் நாயுடு. 1860இல் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து வந்து சேர்ந்ததற்குப் பிறகு கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், பாதி ஊருக்கு அதே நாலைந்து குடும்பப்பெயர். கல்யாணப் பத்திரிகையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மருந்து ட்ராலியோடு போகும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

சில வருடத்துக்கு முன், காலை ஏழு மணி, ஷிப்ட் மாறும் நேரம். ஜன்னலோரப் படுக்கை ஆன்ட்டிக்கு இன்சுலின் போட வேண்டும். ராத்திரி படுக்கை மாற்றியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. "ஆன்ட்டி, நீங்க மிஸஸ் பிள்ளைதானே?" என்றேன். "யெஸ் மை டார்லிங்" என்று சிரித்தார், ஊசியைப் பார்த்ததும் வயிற்றையும் காட்டினார். உண்மைதான், அவரும் மிஸஸ் பிள்ளைதான். ஆனால் சர்க்கரை இல்லாதவர், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனுக்காக நள்ளிரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்தவர். அவர் கையைத் தூக்கியபோது கைப்பட்டையில் இருந்த பிறந்த தேதி கண்ணில் பட்டது, அவ்வளவுதான். இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கத்துக்கே போயிருப்பார்.

ஆன்ட்டி பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. நம் வயசானவர்கள் வெள்ளைச் சட்டையைக் கண்டால் எதற்கும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

இப்போதெல்லாம் "முழுப் பேர் சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க" என்று அவர்களையே சொல்ல வைத்து, கைப்பட்டையோடும் சார்ட்டோடும் ஒத்துப் பார்க்கிறேன். "நேத்துதானே கேட்டே?" என்று சலித்துக்கொள்வார்கள், சலிக்கட்டும். இன்சுலின் என்றால் இரண்டாவது நர்ஸும் வந்து பார்க்க வேண்டும். போட்ட பிறகு கையெழுத்து மட்டும் வாங்குவது ஏமாற்று வேலை. சார்ட்டில் 'யூனிட்' என்பதை முழுசாக எழுதச் சொல்லி டாக்டர்களிடம் நச்சரிக்கவும் செய்கிறேன், ஏனென்றால் சுருக்கி எழுதும் 'U' என்ற அந்த ஒற்றை ஆங்கில எழுத்து அவசரத்தில் சுழியம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும்.

மற்ற கேள்விகளும் இப்படித்தான். "வேற மருந்து எடுக்கிறீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். "தலைவலி வந்தா என்ன போட்டுக்குவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், ஹேண்ட்பேக்கிலிருந்து கிராண்ட்-பா தூள் வெளியே வரும். அதில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபின் மூன்றும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அந்த ஆஸ்பிரின் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். நாமும் மேலே பானாடோ (அதுவும் பாராசிட்டமால்தான்) கொடுத்தால், பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற பாராசிட்டமால் வரம்பு சத்தமில்லாமல் தாண்டிவிடும். புரட்டாசி விரதத்தில் இருப்பவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்றால் ஆச்சு என்பார், தட்டு அப்படியே இருக்கும். "கடைசியா எப்ப, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்ட பிறகுதான் சர்க்கரை மருந்தைக் கையில் எடுக்க வேண்டும்.

அன்று நடந்ததை இன்சிடென்ட் ஃபார்மில் எழுதினேன். "ஊசியே போடலையே, எதுக்கு?" என்றார் கூட இருந்த சிஸ்டர். எழுதியதால்தான் ஒரே குடும்பப்பெயர்க்காரர்களின் சார்ட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தோம். அவர்களை அடுத்தடுத்த படுக்கையில் போடக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம், ஆனால் வார்டு நிரம்பி வழிகிற நாளில் அது நடப்பதில்லை.