கடைசி கிளாஸிலிருந்து விருந்தைத் திட்டமிடுங்கள்

பிறந்தநாளுக்கோ திருமண நாளுக்கோ நல்ல பிரெஞ்சு உணவகத்தில் முன்பதிவு செய்து போகிறவர்கள் பெரும்பாலும் மெனுவை மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறார்கள். ஸ்டார்ட்டருக்கு ஒன்று, மெயின் கோர்ஸுக்கு ஒரு ரெட் ஒயின், பேச்சு சுவாரஸ்யத்தில் இன்னும் ஒரு பாட்டில். இனிப்பு வரும்போது வயிறும் நிறைந்திருக்கும், தலையும் லேசாகச் சுற்றும். அப்போதுதான் யாரோ ஒருவர் ஆசைப்பட்டு ஒரு டெசர்ட் ஒயின், அதாவது இனிப்பு ஒயின், கேட்பார். அது சாக்லேட் கேக்கோடு வந்து, புளித்த தண்ணீர் போலத் தோன்றி, பாதி கிளாஸ் அப்படியே மேசையில் நிற்கும். அன்றைய பில்லில் மில்லிலிட்டர் கணக்கில் விலை கூடியது பல நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

அதனால் எங்கள் யோசனை இதுதான்: முதலில் கடைசி கிளாஸை முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற இனிப்பு, பிறகு ரெட் ஒயின், அதற்கேற்ற மெயின் கோர்ஸ் என்று பின்னிருந்து முன்னால் வாருங்கள். அளவும் தானாகவே கட்டுக்குள் வரும். 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் 5 கிளாஸ் வரும். இனிப்பு ஒயினுக்கு 75 மி.லி. போதும், 375 மி.லி. அரை பாட்டிலிலேயே 5 பேருக்கு ஊற்றலாம். ஆக, ஐந்து பேர் மேசைக்கு ஒரு ரெட், ஒரு அரை பாட்டில் இனிப்பு ஒயின், அவ்வளவுதான். இருவர் மட்டும் என்றால் இரண்டையுமே கிளாஸ் கணக்கில் வாங்குங்கள். பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்க மறக்காதீர்கள். ரெட் ஒயின் திறந்து மூன்று நாளுக்கு மேல் ஆகியிருந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.

சொத்தெர்ன் என்ற இனிப்பு ஒயினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிரான்ஸில் போர்தோ நகரத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊரின் பெயர் அது. சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர், அதைவிட வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அந்த ஈரத்தில் போட்ரிடிஸ் என்ற பூஞ்சை திராட்சையில் படரும். மதிய வெயில் ஈரத்தை உலர்த்திவிட்டால் நல்லது. பூஞ்சை தோலில் நுண்துளை போட, பழத்தின் தண்ணீர் ஆவியாகி, சர்க்கரையும் புளிப்பும் செறிந்து நிற்கும். வெயில் வராமல் ஈரம் நீடித்தால் அதே பூஞ்சை கொத்தையே அழுகடித்துவிடும். எல்லாப் பழமும் ஒரே நாளில் இந்தப் பக்குவத்துக்கு வருவதில்லை. பறிப்பவர்கள் ஒரே தோட்டத்துக்குள் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய், பக்குவமான பழத்தை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். 1855-இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது இனிப்பு ஒயின்களில் தனி உச்சத்தில் வைக்கப்பட்ட ஷாத்தோ திகேம் என்ற தோட்டம், 2012 அறுவடை தரமாக இல்லை என்று அந்த ஆண்டு தன் பெயரில் இனிப்பு ஒயினே வெளியிடவில்லை. விலை ஏன் அப்படி என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இந்த ஒயினில் லிட்டருக்கு 120 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருப்பது சாதாரணம். ஆனாலும் குடித்தால் பாகு போலத் திகட்டாது; உள்ளே இருக்கும் புளிப்பு அதைத் தூக்கி நிறுத்துகிறது. மேசையில் கெட்டுப்போவதும் இந்தச் சமநிலைதான். மைசூர்பாகு தின்ற வாயோடு காபி குடித்துப் பாருங்கள். சர்க்கரை போட்ட காபிதான், ஆனால் போடாததுபோல் கசக்கும். ஒயினைவிடத் தட்டில் இருக்கும் பண்டம் அதிகம் இனித்தால் இதேதான் நடக்கும்: ஒயினின் இனிப்பு நாக்கில் மறைந்து, புளிப்பு மட்டும் மிஞ்சும். எனவே பண்டத்தின் இனிப்பு ஒயினின் இனிப்புக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும்.

சொத்தெர்னுக்கு ஆப்ரிகாட் டார்ட், பேரிக்காயும் பாதாமும் சேர்த்த டார்ட், சர்க்கரை குறைவான பழ வகைகள் பொருந்தும். கேரமல் சொட்டும் பண்டங்கள் வேண்டாம். ஐஸ்கிரீமும் வேண்டாம், குளிரில் நாக்கு மரத்துப்போனால் ஒயினின் மணம் எங்கே தெரியும்? எங்களைக் கேட்டால் இனிப்புப் பண்டமே வேண்டாம், ரோக்ஃபோர் சீஸ் ஒரு துண்டு போதும் என்போம். நீலம் பூத்த அந்தச் செம்மறியாட்டுப்பால் சீஸின் கடும் உப்பு, ஒயினின் இனிப்போடு சேரும்போது இரண்டுமே மென்மையாகும். மாங்காயில் உப்பு தொட்டுத் தின்று வளர்ந்த நாக்குக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரான்ஸில் சீஸ் இனிப்புக்கு முன்னால் வரும் என்பதால் ஒரே கிளாஸை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

டார்க் சாக்லேட்தான் வேண்டும் என்றால் சொத்தெர்னை விட்டுவிடுங்கள். கோகோவின் கசப்பும் கனமும் அதை அமுக்கிவிடும். ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பான்யூல்ஸ் ஒயின் கேளுங்கள். கிரெனாஷ் என்ற கறுப்புத் திராட்சையில், நொதித்தலைப் பாதியில் சாராவி, அதாவது ஸ்பிரிட், ஊற்றி நிறுத்திச் செய்வது. போர்ட் ஒயினும் அதே வழிதான்: போர்ச்சுகலின் தோரு பள்ளத்தாக்கில், நொதிக்கும் சாற்றில் 77 சதவீத திராட்சைச் சாராவியைச் சேர்ப்பார்கள், ஈஸ்ட் அடங்கிப்போய், சர்க்கரை அப்படியே தங்கும். பீப்பாயில் நீண்ட காலம் கிடந்து பழுப்பேறிய டானி வகை கேரமலுக்கும் கொட்டைப் பருப்புகளுக்கும் சேரும். நிறம் மங்காத ரூபி, எல்.பி.வி. (லேட் பாட்டில்ட் விண்டேஜ்) வகைகள் சாக்லேட்டுக்கு. குலாப் ஜாமூன் மாதிரி சர்க்கரைப் பாகில் ஊறிய பண்டத்துக்கு இவை எதுவுமே ஈடுகொடுக்காது. ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியிலிருந்து வரும் பெத்ரோ ஹிமெனெஸ் ஷெரியில் லிட்டருக்கு 300 கிராமைத் தாண்டியும் சர்க்கரை இருக்கும். அது ஒன்றுதான் துணைக்கு நிற்கும்.

இன்னொரு தவறு, சொத்தெர்னை ஐஸ் தண்ணீராகக் குடிப்பது. 4, 5 டிகிரியில் மணம் எழும்பாது. 10 முதல் 12 டிகிரி சரியான அளவு. கிளாஸ் வேர்த்து வழிகிறது என்றால் பத்து நிமிடம் மேசையில் வையுங்கள்.

ரெட் ஒயினுக்கு இதற்கு நேர் எதிரான நோய். 'ரூம் டெம்பரேச்சரில் குடிக்க வேண்டும்' என்ற சொல் எங்கும் பரவிக் கிடக்கிறது. அது ஹீட்டர் வசதி வருவதற்கு முந்தைய ஐரோப்பிய வீடுகளின் அறை; 16, 18 டிகிரிதான் இருக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஏ.சி. போட்ட அறைகூட 24, 25 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் வாடை முதலில் மூக்கில் ஏறும், பழ மணம் பின்னால் போய்விடும், ஒயின் தளர்ந்து கொழகொழவென்று தோன்றும். ஐஸ் பக்கெட் கேளுங்கள். கூச்சப்பட எதுவும் இல்லை. பாதி ஐஸ், பாதி தண்ணீர். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு இடையே காற்று நின்று குளிர்ச்சி மெதுவாகத்தான் ஏறும். 10 நிமிடத்தில் எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைத்தால் பாட்டில் மெல்லச் சில்லிட வேண்டும். ரொம்பவும் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பு முரடாகும். கிளாஸின் அடியை உள்ளங்கையால் தாங்கினால் சரியாகிவிடும்.

துவர்ப்பு என்று தனிச் சுவைக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. ரெட் ஒயினில் டானின் என்று சொல்வது அதைத்தான்: கொட்டைப்பாக்கு கடித்தால் வாய் பிடித்துக்கொள்ளுமே, அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. உமிழ்நீரிலுள்ள புரதங்களை டானின் பற்றிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. ஆட்டிறைச்சியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருந்தால் டானினின் வேகம் அங்கே தணிந்துவிடும். போர்தோவில் போய்யாக் ஊர் ஆட்டுக்குட்டிக் கறியோடு அதே ஊரின் கபர்னே சொவிஞோன் திராட்சை ஒயினை வைப்பது இதனால்தான். அந்தக் கறியை நன்றாக வேகவிட்டு வறட்டியாக்கிவிட்டால் பொருத்தம் பாதி போய்விடும்.

காளான் உணவுக்குத் துவர்ப்பு மிகுந்த ரெட் சேராது, கசப்பு கூடும். மெர்லோ திராட்சை அதிகம் உள்ள சேந்த் எமிலியோன், அல்லது பினோ நுவார் பக்கம் போங்கள். மீனோடு ரெட் ஒயின் குடித்து வாயில் இரும்பு வாடை அடித்திருந்தால் அது கற்பனை இல்லை. ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்து செய்யும் வேலை. காரத்துக்கும் கவனம் தேவை. மிளகாய் தூண்டும் அதே எரிச்சல் நரம்பை ஆல்கஹாலும் தூண்டுவதால் 14.5 சதவீத ஒயின் காரத்தை இன்னும் மூட்டிவிடும். காரமான உணவுக்கு போஜொலே மாதிரி துவர்ப்பு குறைந்த ஒயினை 13 டிகிரிக்குக் குளிர்வித்துக் குடியுங்கள்.

பாட்டிலைத் திறந்து முதலில் இரண்டு மடக்கு ஊற்றி உங்களிடம் நீட்டுவார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. லேபிளில் நீங்கள் கேட்ட பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள், கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த ஈர அறை போன்ற வாடை என்றால் கார்க்கில் உருவாகும் டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள் ஏறியிருக்கிறது. தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். சந்தேகமாக இருந்தால் ஐந்து நிமிடம் விடுங்கள்: தீக்குச்சி வாடை காற்றில் கலைந்துவிடும், கார்க் வாடை கூடிக்கொண்டே வரும். ஒயினில் மிதக்கும் கார்க் துணுக்கும், அடியில் மின்னும் டார்டாரிக் படிகமும் குறையே இல்லை.

பழைய ரெட் ஒயினும், ஒரே ஆண்டு அறுவடையில் செய்து பாட்டிலில் முதிரவைக்கும் விண்டேஜ் போர்ட்டும் வண்டல் தட்டியிருக்கும். முதல் நாளே உணவகத்தில் சொல்லிவைத்தால் பாட்டிலை நிமிர்த்தி வைத்திருப்பார்கள். ஊற்றுபவர் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் சாய்ப்பார். கறுத்த இழை ஒன்று பாட்டிலின் தோள் வரை வந்ததும் நிறுத்துவார். அந்த இரண்டு விரற்கடை ஒயினை விட்டுவிடுங்கள். மணல் கடிப்பதுபோல் கசக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. ரெட் ஒயினின் துவர்ப்பைத் தணித்துத் தெளிய வைக்கப் பல இடங்களில் முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளைக்கரு வண்டலோடு கீழே போய்விடும் என்றாலும் வேண்டாம் என்பவர்கள் 'வீகன்' என்று அச்சிட்ட பாட்டிலைக் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டைக் கவனிக்க வேண்டும். ரெட் ஒயினில்தான் அது அதிகம் என்ற எண்ணம் தவறு. ஐரோப்பிய விதிப்படி சர்க்கரையற்ற ரெட் ஒயினுக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 150 மி.கி., சொத்தெர்னுக்கு 400 மி.கி.

ஆல்கஹால் கணக்கையும் நேராகப் பார்த்துவிடுவோம். 13.5 சதவீத ரெட் 150 மி.லி. என்றால் 16 கிராம் ஆல்கஹால். 75 மி.லி. சொத்தெர்னில் 8 கிராம், அதே அளவு 20 சதவீத போர்ட்டில் 12 கிராம். இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. வரைதான் சட்டம் அனுமதிக்கிறது. உடல்வாகைப் பொறுத்து முதல் கிளாஸே ஒருவரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். பிரான்ஸில் வரம்பு 50 மி.கி.; இந்த விருந்து அதையும் தாண்டிவிடலாம். காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் ஆல்கஹால் ரத்தத்திலிருந்து வேகமாக இறங்காது. முன்பதிவு செய்யும்போதே திரும்பி வரும் டாக்ஸியையும் முடிவு செய்துவிடுங்கள். மெட்ரோனிடசோல் போன்ற மருந்து எடுப்பவர்கள், தூக்க மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஒயினைத் தொடவே கூடாது. இன்சுலினோ சர்க்கரைக்கு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இரவில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உடலுக்கு முற்றிலும் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று யாராவது ஊற்றிக் கொடுத்தால் அந்தக் காரணத்துக்காகக் குடிக்க வேண்டாம். குடிக்காதவரின் கிளாஸை நிரப்பச் சொல்லி வற்புறுத்துவதும் விருந்தோம்பல் ஆகாது.

மீந்த ஒயினை முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கார்க்கை அழுத்தி மூடித் தரச் சொல்லுங்கள். உள்ளூர்ச் சட்டம் அனுமதித்தால் எடுத்துப் போகலாம். ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள், குடிக்க அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து. சொத்தெர்ன் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், டானி போர்ட் சில வாரங்கள்கூடத் தாங்கும். விண்டேஜ் போர்ட் மட்டும் காத்திருக்காது. திறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ முடித்துவிட வேண்டும்.