தேய்பூச்சு: படகடியில் ஓர் ஐந்தாம் வேற்றுமை

கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிப் படகுகளை மேலே ஏற்றி வேலை பார்க்கும் இடத்தில், போன மே மாதம் ஒரு வழக்கு நடந்தது. விசைப்படகுக்காரர் ஒருவர் பெயிண்ட் கடைக்காரரை வைதுகொண்டிருந்தார். "மூணு கோட்டு அடிச்சேன். வருஷம் திரும்பல, அடியில பாதியக் காணோம். தொட்டா கையில செவப்பா ஒட்டுது. ஏமாத்திட்டான்." பக்கத்தில் அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே சொன்னார்: "தம்பி, அது போறதுக்குன்னே அடிக்கிறது. போகலைன்னாதான் நீ சண்டைக்குப் போகணும்."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'ஆன்டிஃபவுலிங்', அதன் கீழே சிறிய எழுத்தில் 'அப்லேட்டிவ்'. இரண்டாவது சொல்லுக்கு நேரான தமிழ் அதில் இருந்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

முதல் சொல்லை முதலில் முடித்துவிடலாம். 'ஃபவுல்' என்பது கபடியிலும் கால்பந்திலும் பிள்ளைகள் கத்துகிற அதே ஃபவுல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அழுகியது, நாறுவது என்று பொருள். நாற்றத்தைக் குறிக்கும் சமஸ்கிருதப் 'பூதி'யும் அதே வேர். படகின் அடியில் வழுவழுப்பும் பாசியும் கொட்டலசும் ஏறிக் கிடப்பதைப் பார்த்த மாலுமிகள் அந்தச் சொல்லை அங்கே கொண்டுவந்தார்கள். கொட்டலசு விசித்திரமான பிராணி. குஞ்சுப் பருவத்தில் நீந்தி வந்து, தலையைப் படகில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி, மீதி ஆயுள் முழுக்கக் காலால் இரையை வாரி உள்ளே தள்ளும். இவை ஏறினால் படகு கனக்கும், வேகம் குறையும், டீசல் செலவு கூடும்.

இதற்குச் சிலர் 'மாசெதிர்ப்புப் பூச்சு' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒட்டுகிறவை உயிர்கள், மாசு அல்ல. மாசு பெரும்பாலும் பூச்சிலிருந்துதான் வருகிறது. டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சுகளால் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடித்தது. 1982-இல் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அதை அந்த நாடு தடுத்தது. உலகக் கப்பல்களுக்கான தடை உடன்படிக்கை 2001-இல் எழுதப்பட்டு, 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 'ஒட்டுண்ணி' என்றும் சொல்லக் கூடாது, கொட்டலசு படகைத் தின்பதில்லை. 'பற்றுயிர்த் தடுப்புப் பூச்சு' என்பது என் தேர்வு. கடையில் போய் இப்படிக் கேட்காதீர்கள், ஆன்டிஃபவுலிங் என்றே கேளுங்கள்.

அப்புறம் அந்த 'அப்லேட்டிவ்'. லத்தீனில் 'அப்' என்றால் விட்டு, 'லாத்துஸ்' என்றால் கொண்டுபோகப்பட்டது. எடுத்துச் செல்லப்பட்டது, நீங்கியது என்பது பொருள். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அதன் வெப்பக் கவசம் தான் கருகி உதிர்ந்து கலத்தைக் காப்பதற்கும் இதே சொல்தான். லத்தீன் இலக்கணத்தில் ஒரு வேற்றுமைக்கும் இதுவே பெயர். அந்த வேற்றுமையைத் தமிழில் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இல், இன் என்ற உருபுகளை உடைய ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் நான்கு பொருள் சொல்கிறது: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. அதில் முதலாவது 'நீங்கல்'. உரைகாரர் காட்டும் 'மலையின் வீழருவி' நினைவிருக்கும். மலையிலிருந்து நீங்கி விழும் அருவி. அந்த விசைப்படகுக்காரரின் புகாரை 'படகின் நீங்கும் பூச்சு' என்று எழுதினால் இலக்கணமும் சரி, வேதியியலும் சரி.

ஆகவே 'நீங்கற்பூச்சு' என்று வைக்கலாம். ஆனால் புலவர் வாடை அடிக்கிறது. 'கரையும் பூச்சு' எளிது. ஆனால் உப்புப் போல ஒரே நாளில் கரைந்துவிடுமோ என்று வாங்குகிறவர் பயப்படுவார். 'தேய்பூச்சு' என்றால்? தேய்பிறையைப் போல வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். சோப்புத் தேய்வதைப் போல மேல்தோல் போகப்போக, பற்றுயிர்களை அண்டவிடாத நஞ்சான செப்பு ஆக்சைடு அடியிலிருந்து புதிதாக வெளியே வருவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எதிர் வகைக்கு ஆங்கிலத்தில் 'ஹார்ட்'. 'கெட்டிப் பூச்சு' என்று போட்டால் பெயிண்டர் தின்னர் விடாமல் கெட்டியாக அடிக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார். 'இறுகுபூச்சு' எனலாம். இது தேயாது. நஞ்சு மட்டும் நுண்துளை வழியே கசிந்து போய்விடும். செப்புத் தீர்ந்த வெற்றுப் பூச்சு அப்படியே நிற்கும். பார்வைக்குப் புதிதாக இருக்கும், வேலை செய்யாது. வருடாவருடம் அதன்மேலேயே அடித்தால் தடித்து ஒருநாள் பாளம் பாளமாகப் பெயரும்.

கடற்கரைத் தமிழ் கடன் வாங்கக் கூசியதும் இல்லை. பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பதைக் 'கலப்பற்று' என்கிறோமே, அது அரபியிலும் போர்ச்சுகீசியத்திலும் உலவும் மாலுமிச் சொல். நாம் அதற்குத் தமிழ் முகம் கொடுத்து 'பற்று' சேர்த்துக்கொண்டோம்.

சரி, எந்தப் படகுக்கு எது? மணலில் தினமும் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகுக்கு இரண்டுமே வேண்டாம். வெயிலே வேலையைப் பார்த்துக்கொள்ளும். கட்டுமரத்துக்கும் அப்படித்தான் இருந்தது. கடலூர்த் துறைமுகத்திலோ புதுச்சேரியின் தேங்காய்த்திட்டிலோ தண்ணீரிலேயே கிடந்து, அடிக்கடி கடலுக்குப் போகும் விசைப்படகுக்குத் தேய்பூச்சு நல்லது. ஓட்டம்தான் அதைத் தேய்க்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தியே வைத்தால் தேயாமல் மேலே வழுவழுப்புப் பிடிக்கும். வேகமாகப் போகும் படகுக்கும், ஆள் இறங்கி அடிக்கடி தேய்த்துக் கழுவும் படகுக்கும் இறுகுபூச்சு தாங்கும். ஆனால் தண்ணீரை விட்டு நெடுநாள் வெளியே இருந்தால் அதன் வீரியம் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு மேலே ஏறும் நம் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. இறுகுபூச்சானால் இறக்குவதற்குச் சற்று முன்புதான் அடிக்க வேண்டும்.

பழைய இறுகுபூச்சைச் சுரண்டிவிட்டு அதன்மேல் தேய்பூச்சை அடிக்கலாம். தேய்பூச்சின்மேல் இறுகுபூச்சை அடித்தால் அடியோடு கழன்று வரும். அலுமினியப் படகில் செப்புப் பூச்சு கூடவே கூடாது. 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு அறைந்தபோது மரத்தைத் துளைக்கும் புழு அண்டவில்லை, ஆனால் தகட்டைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. அதே சங்கதிதான் இங்கேயும்.

பெரியவர் அன்று விசைப்படகுக்காரருக்கு ஒரு வழி சொன்னார். முதல் கோட்டு கறுப்பு, அதன்மேல் இரண்டு கோட்டு சிவப்பு. சிவப்புக்கு நடுவே கறுப்பு எட்டிப் பார்க்கும்போது அடுத்த டப்பா வாங்கினால் போதும். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் கடைக்காரரை மட்டும் இன்னும் மன்னித்ததாகத் தெரியவில்லை.